கடலோடியின் கூலி: ஓர் அண்ணனின் கேள்வியும் சில சிந்தனைகளும்

எங்கள் ஊரில் கடல் இல்லை. இலங்கைத் தீவில் எத்திசை நோக்கி நடந்தாலும் இறுதியிற் கடலையே அடைவோம் என்று பள்ளியிற் படித்திருக்கிறோம். அந்த நடை மிக நீண்டதாக அமையும் ஊர்களுள் ஒன்று நாலந்தா. மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே, கண்டியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவின் ஓரத்தில் அது அமைந்துள்ளது. தீவின் நடுவிடத்தில் எழுப்பப்பட்டது என்று மரபாகச் சொல்லப்படும் கெடிகே என்னும் கற்றளியும் அங்கேதான் உள்ளது.

ஆயினும் கடலோடு எங்களுக்குத் தொடர்பே இல்லை என்று கூறிவிட முடியாது. அக்கற்றளியின் உருவமைதி மாமல்லபுரத்துக் கோயில்களை நினைவூட்டுவது. கடல் கடந்து வந்த ஒரு கலைமரபு தீவின் நடுவே கல்லாய் நிலைத்தது. போவத்தென்ன நீர்த்தேக்கம் உருவானபோது, நீரில் மூழ்காதிருக்கும் பொருட்டு அதனை 1975ஆம் ஆண்டளவிற் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, 1980ஆம் ஆண்டளவில் மேட்டிடத்தில் மீளக் கட்டினர். எங்கள் முன்னோரும் கடல் கடந்து வந்தோரே. தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய தோட்டத் தொழிலாளர், காடுகளினூடாகத் தம்புள்ளை, நாலந்தா வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தனர். அவ்வழியிற் பசியாலும் கொள்ளைநோயாலும் மாண்டோர் பலர். அவர்கள் நடந்த தெருவின் ஓரத்திலேயே இன்று என் தந்தையாரின் தேநீர்க்கடை இருக்கிறது.

அக்கடையின் பின்கட்டில் என்னோடு வளர்ந்தவர் என் பெரியப்பாவின் மகன். எனக்கு அவர் உடன்பிறந்த அண்ணன் போன்றவரே. உயர்தரப் பரீட்சைக்குப் பின் கொழும்பு சென்று மாலுமிப் பயிற்சி பெற்று, அந்நியக் கொடி பறக்கும் சரக்குக் கப்பலொன்றில் தளத்தொழிலாளியாகச் சேர்ந்தார். அதற்காகப் பெரியம்மாவின் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போயின. அப்பணத்திற் பெரும்பகுதி பயிற்சிக்குச் செலவாகவில்லை. வேலை பெற்றுத் தந்த முகவரின் கைக்கே சென்றது. கடலோடியிடம் வேலைக்காகக் கட்டணம் அறவிடலாகாது என்பது சர்வதேச விதி என்பதை நான் பல ஆண்டுகளின் பின்னரே அறிந்தேன். அன்று எங்கள் வீட்டில் யாரும் அதனை அநீதியாகக் கருதவில்லை. கோயிலுக்கு நேர்ந்துகொண்ட காணிக்கையைச் செலுத்துவது போலவே பெரியப்பா அத்தொகையைச் செலுத்திவிட்டு வந்தார்.

2022ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தை இந்நாட்டில் வாழ்ந்த எவரும் மறந்திருக்க முடியாது. 200 ரூபா அளவில் நின்ற டொலர் சில வாரங்களில் 300 ரூபாவைத் தாண்டிற்று. எரிவாயு இல்லை; மண்ணெண்ணெய் இல்லை; மின்சாரம் வருவதும் போவதும் தெரியாது. உயர்தர வகுப்பு மாணவியாயிருந்த நான் பாடப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மண்ணெண்ணெய் வரிசையில் அமர்ந்திருப்பேன். அந்நாட்களில் எங்கள் இரு குடும்பங்களையும் பட்டினியின்றிக் காத்தது அண்ணன் அனுப்பிய டொலரே. அவர் கப்பலுக்குப் போனது எவ்வளவு புண்ணியம் என்று ஊரார் பேசிக்கொண்டனர்.

அதே மார்ச் மாதம் 17ஆந் திகதி பிரித்தானியாவில் நிகழ்ந்த ஒன்றைப் பற்றி, பல்கலைக்கழகம் புகுந்த பின்னர் பொருளியற் பாடத்திற்கான ஒப்படை ஒன்றை எழுதும்போதுதான் விரிவாக அறிந்தேன். ஆங்கிலக் கால்வாயிலும் அயற்கடல்களிலும் பயணிகள் கப்பல்களை நடத்தும் பி அன்ட் ஓ பெரீஸ் நிறுவனம், தன் கடலோடிகள் 786 பேரை முன்னறிவித்தலின்றி அன்று ஒரே நாளில் வேலைநீக்கம் செய்தது. முன்னரே பதிவு செய்யப்பட்ட ஒளிப்பதிவின் மூலமே அச்செய்தி அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. அவர்களது இடத்துக்கு இந்தியா உட்பட வேறு நாடுகளைச் சேர்ந்தோர் முகவர் மூலம் அமர்த்தப்பட்டனர். புதியவர்களின் சராசரி ஊதியம் மணிக்கு 5 பவுண் 50 பென்ஸ் என்று அந்நிறுவனத்தின் தலைமை நிறைவேற்று அதிகாரி பாராளுமன்றக் குழுவின் முன் கூறினார். அப்போது அந்நாட்டின் தேசிய குறைந்தபட்ச ஊதியம் 8 பவுண் 91 பென்ஸாக இருந்தது. ஆயினும் கப்பல்கள் வேற்று நாடுகளிற் பதியப்பட்டவை. பயணமோ நாட்டெல்லையைக் கடப்பது. எனவே அந்த ஊதியச் சட்டம் அக்கப்பல்களை எட்டவில்லை.

இந்நிகழ்ச்சி எழுப்பிய கொந்தளிப்பின் பயனாக, கடலோடிகள் ஊதியச் சட்டம் 2023ஆம் ஆண்டில் அங்கு நிறைவேறி, 2024 டிசம்பர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. ஆண்டொன்றுக்கு 120 தடவைகளேனும் பிரித்தானியத் துறைமுகத்தைத் தொடும் கப்பற்சேவைகள், அந்நாட்டுக் கடலெல்லைக்குள் தம் தொழிலாளர் உழைக்கும் நேரத்துக்கேனும், தேசிய குறைந்தபட்ச ஊதியத்துக்குச் சமமான தொகையை வழங்கவேண்டும். வழங்குவதாக உறுதி கூறாத நிறுவனத்திடம் துறைமுகம் மிகைக்கட்டணம் அறவிடலாம். இறுதியில் துறைமுகத்தையே அதற்கு மூடிவிடலாம். பிரான்சும் 2023ஆம் ஆண்டில் இதனையொத்த சட்டமொன்றை இயற்றியது.

என் ஒப்படையில் இச்சட்டத்தை மிகவும் போற்றி எழுதினேன். மனித உழைப்பின் மாண்பு, சமத்துவம், மனச்சாட்சி என்பன போன்ற சொற்களுக்கு அதிற் குறைவில்லை. விரிவுரையாளரும் நல்ல புள்ளி வழங்கினார். விடுமுறையில் வீடு சென்றபோது அண்ணனும் ஒப்பந்தம் முடிந்து வந்திருந்தார். எழுதியதைப் பெருமையோடு அவருக்கு வாசித்துக் காட்டினேன். கடைவாசல் வாங்கில் அமர்ந்து இறுதிவரை பொறுமையாகக் கேட்டார். பின்னர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"வெள்ளைக்காரனுக்குக் குடுக்குற சம்பளத்தையே எனக்கும் குடுக்கணும்னா, என்னைய ஏன் தங்கச்சி கூப்புடப் போறான்?"

எனக்கு விடை தெரியவில்லை. வேலை இழந்த 786 பேருக்காக இரங்கிய நான், அவர்களுடைய இடத்தில் அமர்த்தப்பட்டவர் என் அண்ணன் போன்ற ஒருவரே என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. அவரை அழைப்பது அவர் மலிவானவர் என்பதனால். அந்த மலிவைச் சட்டம் நீக்கிவிடுமாயின், அழைப்பும் நீங்கிவிடாதா? இக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

அண்ணனின் அச்சத்துக்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பிரித்தானியக் கப்பல்களில் இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்த கடலோடிகள் நெடுங்காலம் பணிபுரிந்தனர். லாஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட அவர்களுக்குத் தனி ஒப்பந்தம், தனி உணவு, ஒடுங்கிய தங்குமிடம். ஊதியமோ வெள்ளையருக்குக் கிடைத்ததில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கு. அவர்களை ஊரிலிருந்து திரட்டிக் கொணர்ந்தவன் சாரங்கு. கடன் கொடுத்தவனும், கூலியில் தன் பங்கை எடுத்தவனும் பெரும்பாலும் அவனே. எங்கள் தோட்டங்களின் கங்காணியை அறிந்தோருக்குச் சாரங்கை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இருவரும் ஒரே மரத்தின் இரு கிளைகள். ஒருவன் தரையிலும் மற்றவன் தண்ணீரிலும் நின்றான்.

வெள்ளைக் கடலோடிகளின் சங்கங்கள் இந்த ஊதிய வேற்றுமையை நன்கறிந்திருந்தன. ஆனால், "அவர்களுக்கும் எங்களுக்குரியதைக் கொடு" என்று கேட்பதற்குப் பதிலாக, "அவர்களைக் கப்பலிலிருந்து நீக்கு" என்று கேட்ட காலங்களும் உண்டு. 1925ஆம் ஆண்டில் நிறத்தவரான அந்நியக் கடலோடிகளைப் பொலிசிற் பதியச் செய்யும் ஆணை பிரித்தானியாவிற் பிறந்தது. பிரித்தானியப் பிரசைகளாயிருந்த இந்தியர் பலரும் அவ்வாணையால் அந்நியராக நடத்தப்பட்டனர். ஆகவே, மேலைநாட்டார் எமக்காகக் கேட்கும் நீதியின் பின்னால் எம்மை விலக்கும் எண்ணம் மறைந்திருக்கக்கூடும் என்று அண்ணன் ஐயுறுவது வெறும் பேதைமை அன்று.

எனினும் லாஸ்கர்கள் மலிவாயிருந்தே வாழ்ந்துவிட விரும்பினார்களா? இல்லை என்பதே வரலாறு தரும் விடை. 1939ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, நீர்மூழ்கிகள் திரியும் கடலிற் செல்ல வேண்டியிருந்த இந்தியக் கடலோடிகள் பல துறைமுகங்களில் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தஞ் செய்தனர். பலர் சிறையிடப்பட்டனர். ஆயினும் ஊதியம் உயர்ந்தது. உயர்ந்தமையால் அவர்களைக் கப்பலிலிருந்து இறக்கிவிடவில்லை. அவர்களின்றிக் கப்பல் ஓடாது என்பதைப் போர் எல்லோருக்கும் உணர்த்தியிருந்தது.

போர் முடிந்த அடுத்த ஆண்டில், 1946இல், அமெரிக்காவின் சியாட்டில் நகரிற் கூடிய சர்வதேசத் தொழிலாளர் தாபனத்தின் மாநாடு, கடலோடியின் ஊதியத்திற்கு உலகப் பொதுவான அடித்தளம் ஒன்றை வகுத்தது. தேர்ச்சிபெற்ற மாலுமியின் அடிப்படை ஊதியம் மாதத்துக்கு 16 பவுண் அல்லது 64 டொலருக்குக் குறையலாகாது என்பது அதன் விதி. ஒரு கப்பலில் வழமையிலும் கூடுதலான ஆட்களைக்கொண்ட குழுவை அமர்த்தினால், அதற்கேற்பத் தொகையைச் சரிப்படுத்திக்கொள்ளலாம் என்றும், சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கைக்கு அமையவே அச்சரிப்படுத்தல் நிகழவேண்டும் என்றும் அது கூறிற்று. அவ்வாசகம் யாரைக் கருதி எழுதப்பட்டது என்பது லாஸ்கர்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு விளங்கும். அழகிய விதிதான், ஆனால் வேண்டிய எண்ணிக்கையான நாடுகள் ஏற்காமையால் அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வரவேயில்லை.

அதன் கருத்து மட்டும் மடியவில்லை. கப்பல் உரிமையாளரின் பிரதிநிதிகளும் கடலோடிகளின் பிரதிநிதிகளும் ஜெனீவாவில் ஒன்றுகூடி அத்தொகையைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கின்றனர். தேர்ச்சிபெற்ற மாலுமிக்கு 2025 ஜனவரி முதல் அது 673 டொலர். 2026 ஜனவரி முதல் 690 டொலர். வாரத்துக்கு 48 மணி என்ற கணக்கிற் பகுத்துப் பார்த்தால் மணிக்கு ஏறத்தாழ 3 டொலர் 30 சதம். மேலதிக வேலைக்கு இதனிலும் நாலிலொரு பங்கேனும் கூட்டிக் கொடுத்தல் வேண்டும். 2006ஆம் ஆண்டு பிறந்து 2013ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இவ்விதிகளையெல்லாம் ஒன்று திரட்டியது. இலங்கை 2017 ஜனவரியில் அதனை ஏற்றுக்கொண்டது.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கற்பாலது. அவ்வுடன்படிக்கையிற் கட்டாயப் பகுதி வேறு. வழிகாட்டற் பகுதி வேறு. ஊதியத்தை மாதந்தோறும் தவறாது கொடுக்கவேண்டும், கணக்குச் சீட்டு வழங்கவேண்டும், குடும்பத்துக்குப் பணம் அனுப்ப வழிசெய்யவேண்டும் என்பன கட்டாயப் பகுதியில் உள்ளன. எவ்வளவு கொடுக்கவேண்டும் என்ற தொகையோ வழிகாட்டற் பகுதியிலேயே உள்ளது. கூலியைக் காலந்தவறாமற் கொடு என்று ஆணையிடும் உலகம், போதிய கூலி கொடு என்பதை ஆலோசனையாகவே கூறுகிறது. தொகையைக் கட்டாயமாக்குவது கப்பலின் கொடிக்குரிய நாட்டின் சட்டத்தையும், தொழிற்சங்க ஒப்பந்தங்களையும் பொறுத்தது. குறைந்த வரியும் குறைந்த கேள்வியும் நாடி உரிமையாளர் தமக்கு உவப்பான கொடியைத் தாமே தெரிந்துகொள்ளும் இத்தொழிலில், இது சிறிய குறையன்று.

மேலைநாடுகளின் உள்நாட்டுச் சட்டங்களிலும் இத்தகைய இரட்டைநிலை இருந்தது. இனவேற்றுமையைத் தடைசெய்த பிரித்தானியாவின் 1976ஆம் ஆண்டுச் சட்டமே, வெளிநாட்டில் அமர்த்தப்பட்ட கடலோடிகளுக்கு விதிவிலக்கு அளித்திருந்தது. கரையிற் குற்றமாகிய ஒன்று கப்பலில் வழக்கமாகத் தொடர்ந்தது. 2011ஆம் ஆண்டில் அவ்விலக்கு ஒடுக்கப்பட்டபோதும், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியையும் குறிப்பிட்ட சில நாடுகளையும் சேர்ந்தோரே பயனடைந்தனர். எங்களைப் போன்றோர் அப்பட்டியலுக்கு வெளியே நின்றோம்.

கப்பல் உரிமையாளரின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். நாலந்தாவில் 690 டொலருக்குள்ள மதிப்பு வேறு, சவுதம்டனில் உள்ள மதிப்பு வேறு; கடலோடியின் குடும்பம் வாழும் நாட்டின் செலவுக்கேற்பவே ஊதியம் அமையவேண்டும் என்பர் அவர்கள். அத்தோடு, ஊதியம் மிகின் கீழைநாட்டார் வேலையிழப்பர் என்றும் எச்சரிப்பர். முதல் வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. 2022இல் எங்கள் வீடே அதற்குச் சான்று. ஆனால் புயலில் தளத்தில் நிற்கும் கால்களுக்கு நாட்டு வேறுபாடு இல்லை. கயிறு அறுந்து அடித்தால் மலிவான எலும்பு மெதுவாக முறிவதில்லை. அன்றியும், கூலி வேறுபாட்டால் மிஞ்சும் பணம் நாலந்தாவுக்கும் வருவதில்லை, சவுதம்டனுக்கும் போவதில்லை. அது எங்கே தங்குகிறது என்பதே கேட்கப்படவேண்டிய கேள்வி.

இரண்டாவது வாதத்தை நான் புத்தகத்திலிருந்து கற்க வேண்டியிருக்கவில்லை. அது மாத்தளையின் தோட்டங்களில் நூறாண்டாகக் கேட்கும் பாட்டு. இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்ச ஊதியக் கட்டளைச்சட்டம் 1927ஆம் ஆண்டு இலங்கையில் இயற்றப்பட்டது. கடல் கடந்து வந்த அந்நியத் தொழிலாளருக்கு அடிமட்டக் கூலி வகுத்த சட்டம் அது. இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தல் அதன் பிறப்புக்கு ஒரு காரணம். கூலியை உயர்த்தினால் தோட்டங்கள் அழியும் என்ற குரல் அன்றும் எழுந்தது. தோட்டங்கள் அழியவில்லை. எனினும் அச்சட்டம் குறையற்றதன்று: ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதனிற் குறைவு, சிறுவருக்கு அதனினும் குறைவு. முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில் அச்சிறு தொகையும் வெட்டப்பட்டது. பெண்ணுக்கும் ஆணுக்கும் தேயிலைத் தோட்டத்திற் சமகூலி வருவதற்கு 1984ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. நாட்கூலி 1,000 ரூபா வேண்டும் என்று 2015ஆம் ஆண்டில் எழுந்த கோரிக்கை 2021ஆம் ஆண்டில் வர்த்தமானி ஏறியபோதும், கம்பனிகள் அதே பழைய பாட்டோடு நீதிமன்றம் சென்றன.

என் அப்பாயி தோட்டத்தில் உழைத்த காலத்து அனுபவம் ஒன்றை அடிக்கடி சொல்வார். சட்டப்படி ஒரு நாட்கூலி உண்டு. ஆனால் எடை குறைந்தது என்று கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டுவிட்டால், நாள் முழுதும் மலையில் நின்றவளுக்கு அரைநாட் கூலிதான். "சட்டத்துல முழுப்பேருதான் இருந்துச்சு, செக்ரோல்லதான் அரைப்பேரு" என்பார். சட்டப் புத்தகத்துக்கும் பெயர்ப் புத்தகத்துக்கும் இடையே உள்ள தொலைவை இதைவிடத் தெளிவாக எந்தப் பொருளியல் நூலிலும் நான் படித்ததில்லை.

அப்பாயியின் சொல்லை அண்ணனிடம் நினைவூட்டியபோதே, அவர் இதுவரை யாரிடமும் கூறாத ஒன்றைக் கூறினார். அவருடைய ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகை சர்வதேச அளவுக்குக் குறைந்ததன்று. மாதமுடிவில் அத்தொகையைப் பெற்றதாகவே அவர் கையொப்பம் இடுகிறார். கையிற் கிடைப்பதோ அதில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. கப்பலில் இரண்டு கணக்குப் புத்தகங்கள்: காட்டுவதற்கு ஒன்று, கொடுப்பதற்கு ஒன்று. ஒருமுறை வெளிநாட்டுத் துறைமுகமொன்றிற் பரிசோதகர் ஒருவர் கப்பலேறினார். உணவுக்கூடத்தில் ஒவ்வொருவராக அழைத்து, கதவை மூடிக்கொண்டு, சம்பளம் முழுமையாகக் கிடைக்கிறதா என்று கேட்டார். அண்ணனையும் கேட்டார்.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"எல்லாம் கெடைக்குதுன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? உண்மையச் சொன்னா அன்னைக்கு மட்டும் சம்பளம் கெடைக்கும். அடுத்த கப்பல் கெடைக்காது."

அன்றிரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. ஜெனீவாவிலிருந்து புறப்பட்ட சட்டம் எத்தனையோ கடல்களைக் கடந்து அண்ணன் அமர்ந்திருந்த மேசைவரை வந்துவிட்டது. எதிரே இருந்து, உனக்குக் குறை உண்டா என்று கேட்டும்விட்டது. இல்லை என்று சொல்லி அதனைத் திருப்பி அனுப்பியவர் அவரே. அவரைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன். அவர் அனுப்பிய பணத்திற் சோறுண்டு படித்தவள் நான். அந்தப் பொய்யில் எனக்கும் பங்குண்டு.

இத்தகைய அச்சம் அண்ணனுக்கு மட்டும் உரியதன்று. பிலிப்பைன்ஸ் நாட்டின் உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கொன்று இதற்குத் தக்க சான்றாகும். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் கண்காணிப்புள்ள துறைமுகத்துக்குக் கப்பல் செல்ல நேர்ந்தபோது, அந்நாட்டுக் கடலோடிகள் சிலர் ஊதிய உயர்வு கேட்டனர், அதனால் வேலையிழந்தனர். 1982ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இத்தகைய கோரிக்கைகளால் வெளிநாட்டார் பிலிப்பைன்ஸ் கடலோடிகளை அமர்த்தாது விடுவர் என்ற கவலை அதிற் புலப்பட்டது. அண்ணனின் கேள்வியே நீதிபதிகளின் எழுத்தில் அமர்ந்திருந்தது எனலாம். ஆனால் 1983ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பை மீளாய்ந்து, கடலோடிகளின் பக்கம் நின்றது. அதன் பின் அந்நாட்டுக் கடலோடிகளை உலகம் கைவிட்டுவிடவில்லை. இன்றும் உலகக் கப்பல்களுக்கு மிகுதியான மாலுமிகளை வழங்கும் நாடுகளுள் அது முன்னணியில் நிற்கிறது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கும்போது, அண்ணனின் கேள்விக்கு ஒருவாறு விடை கூறலாம் என்று தோன்றுகிறது.

முதலாவது, ஒரு நாடு மட்டும் உயர்த்தும் தளத்துக்கும், எல்லோர்க்கும் பொதுவான தளத்துக்கும் வேற்றுமை உண்டு. பிரித்தானியச் சட்டம் அந்நாட்டுக் கரையோரத்தில் அடிக்கடி செல்லும் கப்பல்களுக்கு நன்மை செய்யலாம். ஆண்டில் ஒருமுறை அங்கு நங்கூரமிடும் அண்ணனின் சரக்குக் கப்பலை அது தொடாது. அவருக்கு வேண்டியது உலகப் பொதுத்தளம். இலங்கையனுக்கும் இந்தியனுக்கும் பிலிப்பைன்ஸ்காரனுக்கும் ஒரே அடிமட்டக் கூலி கட்டாயமாகுமாயின், ஒருவனைக் காட்டி மற்றவனைக் குறைக்கும் வித்தை அங்கு எடுபடாது. மலிவு என்பது நிலையான தகுதியன்று. எம்மிலும் மலிவானவன் ஒருவன் எங்கோ ஒரு வறிய கரையில் எப்போதும் இருப்பான். மலிவினால் வந்த வேலை மலிவினாலேயே போகும்.

இரண்டாவது, கடலோடியை அனுப்பும் நாடுகள் இதில் வாளாவிருத்தல் தகாது. எமது பிள்ளைகள் குறைந்த கூலிக்கு வருவர் என்று சந்தையிற் கூவும் நாடு, 1927இல் எம் முன்னோருக்காகப் பேசிய இந்திய அரசாங்கம் அளவுக்கேனும் தன் குடிமக்களுக்காகப் பேசவில்லை என்றே பொருள்படும். வழிகாட்டலாகவுள்ள தொகையைத் தம் சட்டத்திற் கட்டாயமாக எழுதுவதும், முகவர் அறவிடும் கட்டணத்தைத் தண்டிப்பதும், அயல்நாடுகளோடு கூடி ஒரே தொகையில் உறுதியாக நிற்பதும் அவற்றின் கடமைகளாகும்.

மூன்றாவதே யான் முக்கியமாகக் கருதுவது. குறைந்தபட்ச ஊதியம் என்பது ஒரு தொகை மட்டுமன்று; அத்தொகை கிடைக்கவில்லை என்று சொல்லும் உரிமையும் அதனுள் அடங்கும். உண்மை சொன்னவனுக்கு அடுத்த கப்பல் கிடைக்கும் என்ற உறுதி இல்லாதவரை, 690 என்றாலும் 6,900 என்றாலும் அது காட்டுவதற்கான புத்தகத்திலேயே தங்கிவிடும். கடலோடி முறைப்பாடு செய்தமைக்காகப் பழிவாங்கப்படலாகாது என்று உடன்படிக்கை கூறத்தான் செய்கிறது. ஆனால் பழிவாங்கல் கப்பலில் நிகழ்வதில்லை. நகரத்தின் ஏதோவொரு மாடி அலுவலகத்தில், ஒலிக்காத தொலைபேசியாக நிகழ்கிறது. யாரை ஏன் மீண்டும் அழைக்கவில்லை என்று முகவரைக் கேட்கும் அதிகாரம் உடைய ஒருவர் அங்கும் வேண்டும்.

இவ்வளவையும் அண்ணனிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, முழுதாக ஏற்கவுமில்லை. "நீ சொல்றது வரதுக்குள்ள எனக்கு வயசாயிடும்" என்று சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு வருத்தமாயிருந்தது. ஆனால் அவர் கூறியது பொய்யன்று.

அடுத்த மாதம் அவர் மீண்டும் கப்பலுக்குச் சென்றார். புறப்படும் நாளன்று விடியற்காலை, கொழும்பு செல்லும் பேருந்துக்காகக் கடைவாசலிற் காத்திருந்தபோது, என் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்துவரச் சொன்னார். வெற்றுப் பக்கமொன்றில் தம் கையாலேயே இரண்டு கோடுகள் கிழித்தார். முதல் நிரலிற் கையொப்பமிட்ட தொகை. இரண்டாம் நிரலிற் கையிற் கிடைத்த தொகை. மாதந்தோறும் தொலைபேசியிற் சொல்வதாகவும், நான் திகதியிட்டு எழுதி வைக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அதை யாரிடம், எப்போது காட்டுவது என்பதைத் தாம் முடிவு செய்வதாகக் கூறினார். நான் சம்மதித்தேன்.

இதை எழுதும் வேளையில் அக்கொப்பியில் நான்கு மாதக் கணக்கு ஏறியிருக்கிறது. நான்கிலும் இரு நிரல்களும் ஒத்துவரவில்லை. விடுதி அறையில் என் பாடப்புத்தகங்களுக்கிடையே அது இருக்கிறது. அப்பாயியின் காலத்தில் எங்கள் பெயரை எழுதும் புத்தகம் கணக்கப்பிள்ளையிடம் மட்டுமே இருந்தது. இப்போது எங்களிடமும் ஒன்று உண்டு.